தயிரை விட்டேன், பௌதி வந்தாள்

எங்கள் அடுக்களையில் மீன் பொரிகிற வாசனை முதன்முதலாக வந்தது ஒரு மத்தியானம். மணி மூன்று இருக்கும். கல்கத்தாவில் எங்கள் பெஹாலாப் பக்கம் அந்த நேரத்துக்குத் தெருவே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். ரிக்‌ஷாக்காரர்கூட வண்டிக்குள்ளேயே காலை மடக்கிப் படுத்துவிடுவார். நான் தேயிலைத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். முதலில் கடுகெண்ணெய் புகைகிற வாசனை. அப்புறம் மஞ்சளும் உப்பும் தடவின மீன் எண்ணெயில் விழுகிற வாசனை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். கேக் வாங்கினால்கூட முட்டை இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்குவோம். எங்கள் அடுக்களையில் மீன் என்ன செய்யும்?

யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சந்தோஷம் பொறுக்கவில்லை. "வந்துட்டியா பௌதி? கெடச்சிட்டா ஒனக்கு?" என்று கேட்டேன்.

பௌதி செத்து அப்போது ஐந்தாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது.

இதை நான் எழுதவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. சின்ன வயதில் என் அம்மாவுக்கு வருஷா வருஷம் பிள்ளை. தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கியே என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர், அவர்தான் எழுதுகிறார். துறைமுகத்தில் ஃபைல் எழுதின கை. நான் ஒன்று சொன்னால் அதைக் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி ஆக்கித்தான் தாளில் வைப்பார். அதனால் இந்தத் தமிழ் அவருடையது, விஷயம் என்னுடையது. யாராவது பேசினதை மட்டும் பேசினபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வங்காளத்தில் அண்ணியைப் பௌதி என்பார்கள். அக்கம்பக்கத்தில் கல்யாணமான பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீடு மூன்றாம் மாடி. எதிரும் புதிருமாக இரண்டு கதவு. ஒன்று எங்களுடையது, இன்னொன்று பௌதியுடையது. நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இந்த ஊரில் தண்ணீர் என்று கேட்கக்கூடத் தெரியாது. எனக்குப் பாஷை சொல்லிக்கொடுத்தது பௌதி. என் பிரசவத்துக்கு வெந்நீர் போட்டது பௌதி. ஆனால் மீன் பொரிக்கிற நேரத்துக்கு நான் ஜன்னலைச் சாத்துவேன். அவளும் அங்கிருந்து கத்துவாள், "ஜன்னலச் சாத்திக்கோ, இப்போ போடப் போறேன்!" என்று. அவளுக்கு மீன் என்றால் உயிர். காலையில் எழுந்ததும் முதல் பேச்சே இன்றைக்கு என்ன மீன் என்பதுதான்.

அவள் புருஷன் செத்த அன்றைக்கு அது நின்றது. அவள் காலத்து வங்காளி வீடுகளில் புருஷன் போனால் மீனும் போக வேண்டும். இப்போது யாரும் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. பௌதி பார்த்தாள். முப்பது வருஷம் பச்சரிசிச் சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும் தின்றாள். என் ரசத்தை வாங்கிக் குடித்துவிட்டு, "நான் இப்போ உங்க ஜாதி ஆயிட்டேன்" என்று சிரிப்பாள்.

கடைசியாக இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. ஒரு மருமகன், தம்பி பிள்ளை, வெளிதேசத்தில். பார்த்துக்கொள்ள ஒரு ஆயா காலையும் மாலையும் வருவாள். நடுவில் நான்தான். நல்ல மழைக்காலம். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள்.

"ஒரு துண்டு இலிஷ் கொண்டு வாயேன். ஆயாகிட்ட சொன்னா ஊரெல்லாம் சொல்லிடுவா. நீ சைவம், உன்மேல யாருக்கும் சந்தேகம் வராது."

இலிஷ் என்பது இந்த ஊர்க்காரர்கள் மழைக்காலம் முழுவதும் பைத்தியமாக அலைகிற மீன். நான், "நாளைக்குக் கொண்டுட்டு வாரேன்" என்றேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் பை எடுத்துக்கொண்டு மீன் சந்தை வாசல் வரைக்கும் போனேன். மீன் கழுவின ரத்தத் தண்ணீர் ஓடிவந்து என் பாதத்தை நனைத்தது. உடம்பெல்லாம் கூசிவிட்டது. திரும்பி வந்து காலை மூன்று தடவை கழுவினேன். பௌதியிடம் போய், "இன்னிக்கு இலிஷ் வரலையாம்" என்று சொன்னேன்.

கொட்டுகிற மழைக்காலத்தில் கல்கத்தாவில் இலிஷ் வரவில்லையாம். சின்னப் பிள்ளைகூட நம்பாது. பௌதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சரி, வரும்போது வரட்டும்" என்றாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

இந்தப் பொய்யை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது அவரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் குளிரில் அவருடைய அப்பா அம்மாவுக்குப் பிண்டம் போட கயாவுக்குப் போனோம். அங்கே பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை, சிநேகிதர், வேலைக்காரர், யாருமற்றவர் எல்லாருக்கும் ஒரு உருண்டை வைக்கலாம். நான் அவர் முதுகில் இடித்து, "பௌதிக்கும் ஒண்ணு வையுங்க" என்றேன். வைத்தார். கடைசியில் ஆலமரத்தடியில் எல்லாரும் தங்களுக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட வேண்டும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. ஆனால் எல்லாரும் பிடிக்காததைப் பார்த்துத்தான் விடுவார்கள். அவர் விட்டது சுரைக்காயும் கொய்யாப்பழமும். கொய்யா விதை அவர் பல்லில் மாட்டும். வெகு காலமாகவே அவர் தின்பதில்லை. என் முறை வந்தது.

"தயிர்" என்றேன்.

"அம்மா, தயிர் காயும் இல்ல, பழமும் இல்ல" என்றார் சாஸ்திரி.

"பிடிச்சதத்தான விடணும்? எனக்கு அதுதான் பிடிக்கும்."

உண்மைதான். தயிர் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். தயிரை விட்டுவிட்டுப் பாலைக் குடித்தால் அது என்ன விடுவது? தயிர் பாலிலிருந்துதானே வருகிறது? பாலையும் விட்டேன். மோரை விட்டேன். கல்கத்தாவில் பாலை விட்டால் ரசகுல்லா போயிற்று, சந்தேஷ் போயிற்று, மண்சட்டித் தயிர் போயிற்று. கடைத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டுதான் நடக்க வேண்டும். டீகூட வெறும் தேயிலைத் தண்ணீர். பௌதி மீனை விட்டாள் இல்லையா? நான் இதை விட்டேன். அப்படித்தான் எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

அதனால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. மாடிப்படி ஏறுவேன், இறங்குவேன். அவர்தான் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவார். முடி உதிரவில்லை, முகம் சுண்டவில்லை. கீழ் வீட்டு அம்மா, "உங்களுக்கு அறுபதுதானே?" என்பாள். எனக்கு எழுபத்தாறு. நான் பதில் சொல்லாமல் ஏறி வந்துவிடுவேன்.

ஆனால் பௌதி வர ஆரம்பித்தாள். வாசனை தினமும் மூன்று மணிக்கு வந்தது. அப்புறம் சத்தம். எண்ணெயில் மீன் விழுகிற 'சொய்ங்' சத்தம், கரண்டி சட்டியில் தட்டுகிற சத்தம். எல்லாம் எதிர்க் கதவுக்குப் பின்னாலிருந்து. அந்தக் கதவு அவள் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. பூட்டு துருப்பிடித்து, அதன்மேல் சிலந்தி கூடு கட்டியிருந்தது. கூடு கலையாமல்தான் இருந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து கதவில் காதை வைத்துக் கேட்பேன். எனக்கு ஆனந்தமாக இருக்கும். நான் வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் அங்கே யாரோ கொடுத்திருக்கிறார்கள். முப்பது வருஷப் பட்டினிக்குத் தினமும் பொரிக்கிறாள். என் பொய்யை அவள் மறந்திருப்பாள்.

அவள் விளையாடவும் செய்தாள். முகம் கழுவக் கண்ணை மூடினால் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளுவாள்; நான் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வேன். சாமி முன்னால் கண்ணை மூடினாலும் தள்ளுவாள். கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு மேலே வந்து பார்க்கிறேன், என் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. தேடினால் செருப்பு பௌதி வாசலில் கிடந்தது. "என்ன பௌதி, செருப்ப ஒளிச்சு வெளையாட வயசா இது?" என்று கேட்டேன். தரை எனக்குப் பஞ்சு மாதிரி இருந்தது. நடந்தால் வேறு யாருடைய காலிலோ நடப்பது போல இருந்தது. இரண்டு தடவை பால்கனியில், காயப்போட்ட துணிக்குப் பின்னால் வெள்ளைப் புடவை முந்தானை திரும்புவதைப் பார்த்தேன். ஓடிப் போனால் துணி மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் நான் கதவில் காதை வைத்திருக்கையில் அவர் வெளியே வந்துவிட்டார்.

"ஏளா, யாருகிட்ட பேசுத?"

"பௌதிகிட்ட. மீன் பொரிக்கா. வாசன வரல ஒங்களுக்கு?"

அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சவத்த, உள்ள வா" என்றார். அன்றைக்கு அவர் உள் அறையில் போய்ப் பையனிடம் போனில் பேசினது எனக்குக் கேட்டது. "ஒங்க அம்மைக்கு மண்டைக்கு ஆகல போல இருக்குடா. நல்லா சாப்புடுதா, நல்லா நடக்கா. ஆனா செத்தவகிட்ட பேசுதா."

ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஊரின் மறுகோடியில் இருக்கிற சால்ட் லேக்கிலிருந்து வந்தாள். வங்காளிப் பெண், அங்கே கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. வீட்டில் தமிழ் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டாள். என் மகனைவிட அவளுக்குக் கண் கூர்மை. நான் சாமி கும்பிடும்போது ஆடுவதைப் பார்த்தாள். கால் விரலில் தீக்காயம் ஒன்று இருந்தது; எப்போது சுட்டது என்று எனக்கே தெரியாது. அதையும் பார்த்துவிட்டாள்.

"அத்தே, இது பூத் இல்ல. பூத் வந்தா கால் ஏன் மரத்துப் போகும்? நாளைக்கு நாம டாக்டர்கிட்ட போறோம்." பூத் என்றால் பேய்.

"எனக்கென்ன நோவு? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லுக்குத்தான் சூடு தெரியாது" என்றாள். வாயாடி.

டாக்டர் சின்ன வயதுக்காரர். என்னை மாஷிமா என்றார். சித்தி என்று அர்த்தம். நாக்கை நீட்டச் சொன்னார். "மாஷிமா, நாக்கு இப்படி வழுவழுன்னு இருக்கே, காரம் சாப்பிட்டா எரியுமா?" எரியும்தான். மிளகாயில்தான் கோளாறு என்று நான் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தேன். மருமகள் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு கால் வைத்த ஒரு இரும்பை உள்ளங்கையில் தட்டினார். அது கிர்ரென்று அதிர்ந்தது. என் நெற்றியில் வைத்தார். தெரிந்தது. கணுக்காலில் வைத்தார்.

"அதிருதா?"

"வைக்கவே இல்லையே நீங்க."

"குனிஞ்சு பாருங்க."

இரும்பு என் கணுக்காலில்தான் இருந்தது. அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரரும் கூட வந்தார். காகிதத்தைப் பார்த்தார் டாக்டர். ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, நான் தினமும் கீரை தின்பதால் அது சோகை காட்டவில்லை. ஆனால் பி டுவெல்வ் என்று ஒரு சத்து, அது அடிமட்டத்தில் கிடக்கிறது என்றார்.

"மீன், முட்டை, கறி, பால். இதுலதான் அது இருக்கு. மூணு உங்க குடும்பத்துலயே கிடையாது. நாலாவதை நீங்களே விட்டுட்டீங்க. பழைய சரக்க வச்சே உடம்பு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கு. மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் கிடையாது."

"காஸ் மாத்திரை?"

"அது மாத்திரையா?" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். கல்கத்தாவில் வீட்டுக்கு வீடு அந்த வழக்கம் உண்டு. காலையில் பல் தேய்த்ததும் வெறும் வயிற்றில் ஒரு காஸ் மாத்திரை. காப்பி மாதிரி அது. என் வீட்டுக்காரர் ஒன்று போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்று நீட்டுவார். பத்து வருஷம் இருக்கும். சாப்பாட்டிலிருந்து வருகிற கொஞ்சநஞ்சத்தையும் உடம்பு பிடித்துக்கொள்ள விடாமல் அதுவும் தடுக்குமாம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"வாசன வருதே, அதுக்கு என்ன?" என்று நான் கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியம்.

"இந்தச் சத்து ரொம்பக் குறைஞ்சா நரம்பும் மூளையும் பட்டினி கெடக்கும் மாஷிமா. சில பேருக்கு இல்லாத வாசனை வரும், இல்லாத சத்தம் கேட்கும். ஊசி போட்டா போயிடும்."

போயிடும் என்றார். டாக்டர் நல்ல சேதியாகத்தான் சொன்னார். எனக்கு அது நல்ல சேதி இல்லை. வாசனை பொய் என்றால் பௌதி அங்கே மீன் பொரிக்கவில்லை. பொரிக்கவில்லை என்றால் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. நான் வரவில்லை என்று சொன்ன மீன் இன்றுவரைக்கும் வரவில்லை.

"ஊசி வேண்டாம்" என்றேன்.

நான் சைவம் பார்த்து மறுப்பதாக நினைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர், "அந்த ஊசி ஈரல்லருந்து எடுக்கதாம்லா, டாக்டர்?" என்று கேட்டார்.

"அது அந்தக் காலம். இப்போ கிருமி வளர்த்து எடுக்குறாங்க. தயிர்லயும் கிருமிதானே இருக்கு? ஊசி வேண்டாம்னா பாலும் தயிரும் சாப்பிடுங்க. ஆனா இப்போ இருக்கிற பள்ளத்துக்கு அது போதாது. நரம்பு ரொம்ப நாள் காத்திருக்காது மாஷிமா. விட்டா கால் திரும்பாது."

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் நான் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. மருமகள் தினமும் போன் பண்ணினாள். "அத்தே, ஊசிக்கு பயமா? சின்னக் கொழந்தைங்களே போட்டுக்குது." நான் பயம் என்றே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று மணி ஆனால் படிக்கட்டுக்குப் போய்விடுவேன்.

அப்படி ஒரு நாள். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் அப்பளம் பொரிக்க எண்ணெயை அடுப்பில் வைத்தேன். அதற்குள் பௌதி வந்துவிட்டாள். அன்றைக்கு வாசனை என்றுமில்லாத அளவுக்கு. எண்ணெய் புகைகிறது, பொசுங்குகிறது, கண்ணில் நீர் வருகிறது. "இன்னிக்கு என்ன பௌதி, ஊருக்கே சமைக்கியா?" என்று கேட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன்.

கீழ் வீட்டு அம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தாள். புகை என் முதுகுக்குப் பின்னாலிருந்து, என் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. எண்ணெய்ச் சட்டி பற்றி, ஜன்னல் திரை பற்றி எரிந்தது. உள்ளே அவர் இருமிக்கொண்டு, ஈரத்துண்டால் திரையை அடித்துக்கொண்டிருந்தார். வலது கை முழங்கை வரைக்கும் கொப்புளம். இந்தக் கைதான், இப்போது எழுதுகிற கை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இலிஷ் கேட்டது, நான் சந்தை வாசலில் திரும்பினது, பொய் சொன்னது, தயிரை எதற்கு விட்டேன் என்பது, எல்லாம்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வாங்கிட்டு வந்திருப்பேன்லா" என்றார்.

"நீங்களா? மீனா?"

"ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் டிபன் டப்பாவ எத்தன நாளு தூக்கிக் குடுத்திருக்கேன். கை என்ன அழுகியா போச்சு?"

இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. அவரிடம் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் காரியம்.

மறுநாளே ஊசி போட ஆரம்பித்தேன். முதலில் தினமும், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரத்துக்கு ஒன்று. காஸ் மாத்திரையையும் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பாலும் தயிரும் வேண்டாம், ஊசியே போடுங்கள், ஆயுசுக்கும் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கயாவில் விட்டது விட்டதுதான். தெருமுனை மருந்துக்கடையில் ஊசி போடுகிறவர் என்னைப் பார்த்தாலே, "தயிர் பாட்டி வந்தாச்சு" என்பார்.

முதலில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு தோளைத் தள்ளுவது நின்றது. வாசனை ஒவ்வொரு நாளும் மெலிந்துகொண்டே போனது. ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு நான் அந்த வாசலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேன். தூசி வாசனை, துரு வாசனை, மழை ஈரம். வேறு ஒன்றும் இல்லை. உள்ளே யாரும் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உடம்பு தேறினதற்கு அவர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் சிலந்திக் கூட்டைப் பார்க்கிறபோதெல்லாம், அவள் பசியோடு போனாள், பசியோடு போனாள் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு ஊசி கிடையாது.

இந்த மழைக்காலம் தொடங்கி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மருமகள் வந்தாள். அவளிடம், "வா, மீன் சந்தைக்குப் போவோம்" என்றேன்.

"எங்கே?"

"காது நல்லாத்தான கேக்கும் ஒனக்கு?"

போனோம். இந்த முறை உள்ளேயே போய்விட்டேன். பாதத்தில் தண்ணீர் பட்டது. சில்லென்று இருந்தது, நின்றேன். மீன்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஷிமா, மதராஸிதானே நீங்க? காய்கறி அந்தப் பக்கம்."

"எனக்குத் தெரியும். இலிஷ் குடு. நல்லதா குடு."

"நல்லதா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும்" என்று மருமகளை முன்னால் தள்ளினேன். அவள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், மூன்று மீனை வேண்டாம் என்றாள். நாலாவதை எடுத்தபோது மீன்காரர், "இவங்க மீன் தெரிஞ்சவங்க" என்று சலித்துக்கொண்டு அரிவாள்மணையில் வைத்து நறுக்கினார்.

வெளியே எங்கேயாவது பொரிக்கலாம் என்றாள் மருமகள். என் அடுக்களையிலேயே பொரி என்றேன். புதுச் சட்டி வாங்கியிருந்தேன். அவர் பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார். மூக்கில் துண்டு. "ஊரே கூடிரும் இன்னிக்கு" என்றார். ஆனால் எழுந்து வெளியே போகவில்லை.

எண்ணெய் காய்ந்தது. மீன் விழுந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். வாசனை எழுந்தது. எழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது அது இல்ல" என்றேன்.

"எது அத்தே?"

தினமும் எனக்கு வந்த வாசனை இது இல்லை. அது லேசானது. நான் புதுப்பெண்ணாக வந்த காலத்தில் பௌதி தினசரி பொரித்த ஏதோ சாதா மீனின் வாசனை. இது வேறு. கனமாக, நெய் மாதிரி, அறையை நிரப்பிக்கொண்டு எழுந்தது. இலிஷ் வாசனை எப்படி இருக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. தெரியாததை என் மூளை எப்படிக் கொண்டுவரும்? ஆக ஒரு நாளும் அவளுக்கு இலிஷ் வந்திருக்கவில்லை.

ஒரு துண்டைத் தட்டில் வைத்து எதிர்வாசலில் கொண்டுபோய் வைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தேன். தள்ளவில்லை, தொடவில்லை, ஒரு சத்தம் இல்லை. கீழே சுற்றுகிற பூனைகூட அன்றைக்கு வரவில்லை. மீன் ஆறிப்போயிற்று. "பௌதி, வந்திருக்கு. நான் சொன்னது பொய்" என்றேன். பூட்டிய கதவிடம்தான் சொன்னேன்; அது எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போன பிள்ளைகள் பார்க்காதது போல நிற்குமே, அப்படி.

"நீ மீன் தின்னு எத்தன நாளாச்சு?"

"இந்த வீட்டுலயா? ஒரு தடவையும் இல்லியே அத்தே. நீங்கதான் கல்யாணத்தப்போ சொன்னீங்க."

நான்தான் சொன்னேன். எங்கள் வீட்டிலும் கூடாது, பையனும் அவளும் இருக்கிற வீட்டிலும் கூடாது என்று சொன்னேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"ஒங்க அம்மா வீட்டுல?"

"அம்மா போயி மூணு வருஷம் ஆச்சே."

"ஆபீஸ்ல கெடைக்குமேட்டி?"

"ஆபீஸ்ல ஸ்பூன் வச்சு இலிஷ் சாப்பிட முடியுமா அத்தே? இதுக்கு வீட்டுல ஒக்காரணும். கையால முள்ளு எடுக்கணும்." சிரித்தாள். கண் மட்டும் சட்டிப் பக்கம் போய்விட்டு வந்தது.

தரையில் பாய் போட்டேன். சோறு வைத்தேன். "ஒக்காரு" என்றேன். அவள் அவரை எட்டிப் பார்த்தாள். அவர் பால்கனியிலிருந்தே, "சாப்புடும்மா, நான் எதையும் பாக்கல" என்றார்.

மருமகள் சட்டியில் மிச்சம் இருந்த எண்ணெயை முதலில் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். பச்சை மிளகாய் ஒன்று கடித்துக்கொண்டாள். மீனை விரல் நுனியால் பிரித்தாள். முடி மாதிரி மெல்லிய முள், ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பௌதி கேட்டது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"எப்படி இருக்கு?"

அவள் வாயில் சோறு. தலையை மட்டும் ஆட்டினாள். விழுங்கிவிட்டு, "எப்படி சொல்றது அத்தே, மொதல்ல எண்ணெய் மாதிரி, அப்புறம் இனிப்பு இல்ல, ஆனா இனிப்பு" என்றாள்.

"வயித்துப் பக்கமா, முதுகுப் பக்கமா நல்லாருக்கும்?"

"வயிறுதான்."

தட்டு காலியாகிக்கொண்டு வந்தது. சட்டியில் வயிற்றுத் துண்டு இன்னொன்று இருந்தது. மருமகள் எழப் போனாள். "இரு" என்று சொல்லிவிட்டு, நானே கையால் அதை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.